ஜாமரினிலிருந்து மௌயிக்கு: அறுவடைக் கணக்குச் செயலியை இடம் மாற்றுவது எப்படி?

அரசலாறு (கும்பகோணம்), 2025 மார்ச் 9

அனைவருக்கும் வணக்கம். நெல் அறுவடை இயந்திரங்களை வாடகைக்கு அனுப்புவோருக்காக நான் 2019இல் எழுதிய ஆண்ட்ராய்டு செயலி ஒன்று தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களில் 300க்கும் சற்றுக் கூடுதலான கைபேசிகளில் இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது. வண்டி வயலில் இறங்கும்போது ஓட்டுநர் 'தொடங்கு' பொத்தானை அழுத்துவார். கரையேறும்போது 'நிறுத்து' பொத்தானை அழுத்துவார். பெல்ட் வண்டிக்கு ஒரு மணிக் கூலி, டயர் வண்டிக்கு வேறு கூலி என்பதால் செயலியே கணக்கிட்டு, டீசல், தரகு, முன்பணம் ஆகியவற்றைக் கழித்து, புளூடூத் அச்சுப்பொறியில் சீட்டு அடித்துக் கொடுக்கும். நிலத்தின் அளவை மாவிலும் போடலாம், ஏக்கரிலும் போடலாம். வயலில் பல இடங்களில் சிக்னல் கிடைக்காது என்பதால், கணக்கு முழுவதும் அந்தந்தக் கைபேசியிலேயே எஸ்க்யூலைட் தரவுத்தளத்தில் இருக்கிறது. சர்வர் என்று எதுவும் நான் வைக்கவில்லை.

செயலி, கைபேசிச் செயலிகள் எழுத மைக்ரோசாஃப்ட் தந்த ஜாமரின் ஃபார்ம்ஸ் என்ற கருவித்தொகுப்பில் எழுதப்பட்டது. ஜாமரினுக்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2024 மே 1 அன்று முடித்துக்கொண்டதையும், ஆண்ட்ராய்டு 14க்கான நிரல் இடைமுகமான ஏபிஐ 34தான் அது தொடக்கூடிய கடைசி எல்லை என்பதையும் இங்குள்ளவர்கள் அறிவீர்கள். 2025 ஆகஸ்ட் 31 முதல் பிளே ஸ்டோரில் ஏற்றும் புதுப்பிப்புகள் ஏபிஐ 35ஐக் குறிவைத்திருக்க வேண்டும் என்று கூகுள் அறிவித்திருக்கிறது. அந்தத் தேதிக்குப் பிறகு ஒரு சிறு பிழையைத் திருத்தி வெளியிடக்கூட எனக்கு வழியிருக்காது.

சம்பா அறுவடை முடிந்துவிட்டது. குறுவை அறுவடைக்கு வண்டிகள் வயலில் இறங்க ஆகஸ்ட் கடைசியாவது ஆகும். இடையில் கிடைக்கும் இந்த ஐந்து மாதங்களில், ஜாமரினுக்குப் பதிலாக மைக்ரோசாஃப்ட் தரும் டாட்நெட் மௌயிக்கு மாற்றிவிடலாம் என்று எண்ணுகிறேன். மொத்தம் 42 திரைகள், பொத்தான், பெட்டி போன்றவற்றின் தோற்றத்தை மாற்ற எழுதிய 6 கஸ்டம் ரெண்டரர்கள் உள்ளன. வேலை செய்ய நான் ஒருவன்தான் இருக்கிறேன். எங்கிருந்து தொடங்குவது, எதை முதலில் தொடுவது என்று அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

குடமுருட்டி (திருவையாறு), 2025 மார்ச் 9

நண்பரே, என் கருத்தை நேராகச் சொல்லிவிடுகிறேன். மௌயிக்குப் போக வேண்டாம். கூகுளின் செயலிக் கருவித்தொகுப்பான ஃபிளட்டரில் புதிதாக எழுதுங்கள். முன்பு, உலாவிக்குள் ஓடும் மைக்ரோசாஃப்டின் சில்வர்லைட்டில் ஒரு கல்வி நிறுவனத்துக்கு எழுதிய மென்பொருளை நான் ஒருமுறை முழுவதுமாகத் தூக்கிப்போட நேர்ந்தது. அதன் ஆதரவு 2021 அக்டோபரில்தான் முறைப்படி முடிந்தது என்றாலும், உலாவிகள் அதற்கு வெகு காலம் முன்பே அதைக் கைவிட்டிருந்தன. பிறகு ஜாமரினுக்கு வந்தேன், அதுவும் முடிந்தது. ஒரே வீட்டுக்காரரிடம் மூன்றாவது முறையும் குடியேறுவதற்கு எனக்கு மனம் ஒப்பவில்லை. எப்படியும் 42 திரைகளையும் தொட்டாக வேண்டும் என்றால், அதே உழைப்பை வேறிடத்தில் போடுவது நல்லது.

வெண்ணாறு (தஞ்சாவூர்), 2025 மார்ச் 10

குடமுருட்டி அவர்களின் வருத்தம் நியாயமானது. ஆனால் அரசலாறு கேட்கும் கேள்விக்கு அது விடையாகாது என்று நினைக்கிறேன். அவருடைய செயலியில் திரைகள் பாதிதான். கூலிக் கணக்கு, தரகுக் கழிவு, முன்பணம் நேர்செய்தல், மாவை ஏக்கராக்குதல், அச்சுப்பொறியுடன் பேசுதல் ஆகிய எல்லாம் சி ஷார்ப் மொழியில் ஆறு ஆண்டுகளாக அடிபட்டுத் தேறிய நிரல். ஒவ்வொரு அறுவடையிலும் யாரோ ஒருவர் காட்டிய பிழை அதில் திருத்தப்பட்டிருக்கும். மௌயிக்குப் போனால் அந்த நிரலில் பெரும்பகுதி ஒரு வரிகூட மாறாமல் கூடவே வரும். ஃபிளட்டருக்குப் போனால் அதை டார்ட் மொழியில் மறுபடி எழுத வேண்டும். அதோடு அந்தப் பழைய பிழைகளையும் மறுபடி ஒவ்வொன்றாகச் சந்திக்க வேண்டியிருக்கும். ஒரே ஆள், ஐந்து மாதம் என்ற நிலையில் நான் அந்தத் துணிச்சலை மேற்கொள்ளமாட்டேன்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு மருந்து விநியோகச் செயலியை நான் இதே வழியில் மாற்றினேன். அதில் கற்றவற்றைச் சொல்கிறேன்.

முதலாவதாக, மௌயி 8க்குப் போகாதீர்கள். நேராக 9க்குப் போங்கள். மௌயியின் ஆதரவுக் காலம் டாட்நெட்டின் நீண்டகால ஆதரவைப் பின்பற்றுவதில்லை. மௌயி 8இன் ஆதரவு வரும் மே 14 அன்றே முடிகிறது. இதைக் கவனிக்காமல் 'எட்டுதான் நீண்டகாலப் பதிப்பு' என்று நம்பிப் போனவர்கள் பலர்.

அடுத்து, பழைய திட்டத்தை அப்படியே உருமாற்ற முயலாதீர்கள். மைக்ரோசாஃப்ட் தரும் அப்கிரேடு அசிஸ்டண்ட் கருவி பெயர்வெளிகளை மாற்றித் தரும்; திட்டக் கோப்பையும் புதிய வடிவுக்குக் கொண்டுவர முயலும். சிறிய செயலிக்கு அது போதும். உங்களுடையது போன்றதற்குப் புதிதாக ஒரு வெறும் மௌயி திட்டத்தைத் தொடங்கி, அது கைபேசியில் ஓடுவதைப் பார்த்த பிறகு, பழைய நிரலைக் கோப்பு கோப்பாக உள்ளே கொண்டுவந்து, ஒவ்வொரு முறையும் தொகுத்துப் பார்ப்பதே பாதுகாப்பு. பழைய முறையில் ஆண்ட்ராய்டுக்கு ஒரு திட்டம், ஐஓஎஸ்ஸுக்கு ஒரு திட்டம், பொதுவானதற்கு ஒரு திட்டம் என்று மூன்று இருந்தன. இப்போது எல்லாம் ஒரே திட்டம். ஆண்ட்ராய்டுக்கே உரியவை பிளாட்ஃபார்ம்ஸ் கோப்புறைக்குள் போகும். படங்களும் எழுத்துருக்களும் ரிசோர்சஸ் கோப்புறைக்குள் போகும்.

கஸ்டம் ரெண்டரர்களைக் கண்டு அஞ்ச வேண்டாம். என்னிடம் இருந்த எட்டில் ஐந்து, உள்ளீட்டுப் பெட்டியின் அடிக்கோட்டை நீக்குவது, எழுத்தின் நிறத்தை மாற்றுவது போன்ற அற்பக் காரணங்களுக்காக எழுதப்பட்டவை. ரெண்டரருக்குப் பதிலாக வந்த மௌயியின் ஹேண்ட்லர் முறையில், பெட்டி, பொத்தான் போன்ற அந்தத் திரைக் கட்டுப்பாட்டின் மேப்பரில் (தோற்ற விதிகள் இருக்கும் பட்டியலில்) நான்கைந்து வரிகளைச் சேர்த்தால் அவை முடிந்துவிட்டன. சேவைகளைத் தேடிக் கொடுக்கும் டிபெண்டன்சி சர்வீஸுக்குப் பதிலாகத் தொடக்கக் கோப்பிலேயே சேவைகளைப் பதிவு செய்துவிட்டு, கட்டுநர் (கன்ஸ்ட்ரக்டர்) வழியாகப் பெற்றுக்கொள்ளுங்கள். செயலியின் பகுதிகளுக்கிடையே செய்தி அனுப்ப மெசேஜிங் சென்டரைப் பயன்படுத்தியிருந்தால், சமூகத் தொகுப்பில் உள்ள வீக் ரெஃபரன்ஸ் மெசஞ்சருக்கு இப்போதே மாறிவிடுங்கள்.

உங்களை மணிக்கணக்கில் உட்காரவைக்கப்போவது திரை அமைப்புதான். ஜாமரின் ஃபார்ம்ஸில், திரையில் உள்ளவற்றைக் கட்டங்களாக வைக்கும் கிரிட், அடுக்காக வைக்கும் ஸ்டாக் லேயவுட் ஆகியவற்றின் இயல்பான இடைவெளி 6. மௌயியில் அது 0. நீங்கள் எங்கும் இடைவெளியைக் குறிப்பிடாமல் விட்டிருந்தால், எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நிற்கும். கிரிட்டில் வரிசைகளையும் நெடுவரிசைகளையும் நீங்கள் அறிவிக்காவிட்டாலும் ஜாமரின் ஊகித்துக்கொண்டது, மௌயி ஊகிக்காது. அப்போது எல்லாக் கட்டுப்பாடுகளும் ஒரே கட்டத்தில் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்துவிடும்.

பாமணியாறு (மன்னார்குடி), 2025 மார்ச் 12

வணக்கம். நான் நிரல் எழுதுபவன் அல்லன். அரசலாறு ஐயாவின் செயலியைப் பயன்படுத்துபவன். எங்கள் வீட்டில் இரண்டு பெல்ட் வண்டிகள் இருக்கின்றன; அறுவடைக் காலத்தில் ஆத்தூர்ப் பக்கத்திலிருந்து இன்னும் சில வண்டிகளை வரவழைத்து அனுப்புவோம். நெல் கொள்முதல் நிலையத்தில் போட்ட நெல்லுக்குப் பணம் வங்கிக்கு வந்த பிறகுதான் பலரும் எங்களுக்குக் கூலியைக் கொடுப்பார்கள். ஆகவே யார் எவ்வளவு பாக்கி என்பது அப்பாவின் கைபேசியில் மட்டுமே இருக்கிறது. மூன்று ஆண்டுகளுக்கு முன்பே நோட்டில் எழுதுவதை நிறுத்திவிட்டோம்.

மேலே பேசப்படுவதில் பெரும்பகுதி எனக்குப் புரியவில்லை. ஒன்றை மட்டும் கேட்கிறேன். புதுச் செயலி வந்தால் பழைய பாக்கி அப்படியே இருக்குமா, ஐயா?

வெண்ணாறு (தஞ்சாவூர்), 2025 மார்ச் 12

தம்பி கேட்டதுதான் இந்த இழையில் முதலில் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. நான் திரைகளைப் பற்றி அவ்வளவு எழுதிவிட்டு இதை விட்டுவிட்டேன்.

அரசலாறு அவர்களே, செயலியின் அடையாளப் பெயரும் கையொப்பச் சாவியும் மாறாமல், பதிப்பு எண் மட்டும் ஏறியிருந்தால், ஆண்ட்ராய்டு அதைப் பழைய செயலியின் புதுப்பிப்பாகவே கருதும். உள்ளே இருக்கும் கோப்புகளைத் தொடாது. ஆகவே அந்தச் சாவி இருக்கும் கீஸ்டோர் கோப்பும் அதன் கடவுச்சொல்லும் எங்கே இருக்கின்றன என்று இன்றே பாருங்கள். ஆனால் கோப்புகள் இருப்பது வேறு, புதிய செயலி அவற்றைக் கண்டுபிடிப்பது வேறு. ஜாமரின் எசென்ஷியல்ஸின் செக்யூர் ஸ்டோரேஜில் (மறையாக்கிச் சேமிக்கும் இடத்தில்) நீங்கள் வைத்த எதையும் மௌயியின் செக்யூர் ஸ்டோரேஜ் தானாக வாசிக்காது. சேமிக்கும் கோப்பின் பெயரே மாறிவிட்டது. சிறு அமைப்புகளைச் சேமிக்கும் அப்ளிகேஷன் பிராப்பர்ட்டீஸில் வைத்தவையும் தானாக வராது. பழையதை வாசித்து எடுப்பதற்கான சிறு வகுப்புகளை மைக்ரோசாஃப்ட் தன் வழிகாட்டியில் தந்திருக்கிறது. அவற்றை எடுத்து, முதல்முறை திறக்கும்போது ஒருமுறை மட்டும் ஓடுமாறு வையுங்கள்.

இன்னொன்று. ஆகஸ்ட் 31 வரை ஜாமரினில் ஏபிஐ 34ஐக் குறிவைத்து ஒரு புதுப்பிப்பை வெளியிட உங்களுக்கு இன்னும் உரிமை இருக்கிறது. அந்த உரிமையை வீணாக்காதீர்கள். கடைசி ஜாமரின் பதிப்பு ஒன்றை இப்போதே வெளியிட்டு, அதில் 'கணக்கைக் கோப்பாகச் சேமி' என்று ஒரு பொத்தானை மட்டும் சேருங்கள். மௌயியில் ஏதாவது தவறினாலும் தம்பியின் அப்பாவிடம் பழைய கணக்கு கையில் இருக்கும்.

அரசலாறு (கும்பகோணம்), 2025 மார்ச் 13

மிக்க நன்றி, ஐயா. கீஸ்டோர் பழைய மடிக்கணினியில் இருந்தது. இரண்டு இடங்களில் படியெடுத்து வைத்துவிட்டேன். சேமிப்புப் பொத்தானுடன் கடைசி ஜாமரின் பதிப்பை இம்மாத இறுதிக்குள் வெளியிடுகிறேன். பாமணியாறு அவர்களே, மௌயி பதிப்பை முதலில் சோதிக்க உங்கள் வீட்டுக்கே வருகிறேன். அதற்கு முன் எதையும் பொதுவில் வெளியிடமாட்டேன்.

அரசலாறு (கும்பகோணம்), 2025 மே 18

இரண்டு மாதங்களாக இங்கு எழுத முடியவில்லை. வேலை நடந்துகொண்டிருக்கிறது. நேற்று நடந்ததை விரிவாக எழுதுகிறேன், ஏனென்றால் இதே பாதையில் வருபவர்களுக்கு அது பயன்படும்.

பாதித் திரைகள் முடிந்த நிலையில், பாமணியாறு அவர்களின் வீட்டுக்குச் சென்று, அவருடைய அப்பாவின் கைபேசியில் மூடிய சோதனைப் பதிப்பை நிறுவினேன். நிறுவுவதற்கு முன் சேமிப்புப் பொத்தானை அழுத்தி, கோப்பை என் மடிக்கணினிக்கு எடுத்துக்கொண்டேன். புதிய செயலி திறந்தது. பாக்கிப் பட்டியலைத் தொட்டேன். 'பதிவுகள் இல்லை' என்று வந்தது. மொத்தப் பாக்கி சுழியம் என்று காட்டியது. அந்தப் பெரியவர் என்னைக் கடிந்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. திண்ணையில் உட்கார்ந்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். கோப்பு என்னிடம் இருக்கிறது, எதுவும் அழியவில்லை என்று நான் சொல்லியும், அவருடைய விரல் பட்டியலை மேலும் கீழுமாகத் தள்ளிக்கொண்டே இருந்தது.

காரணம் இரவு பதினொரு மணிக்குத்தான் பிடிபட்டது. தரவுத்தளக் கோப்பை வைக்கும் இடத்தைக் கைபேசியிடம் கேட்க, டாட்நெட் தரும் ஸ்பெஷல் ஃபோல்டர் பெயர்களில் பெர்சனல் என்பதை 2019இல் பயன்படுத்தியிருந்தேன். ஜாமரினில் அது செயலியின் ஃபைல்ஸ் கோப்புறையைக் கொடுத்தது. டாட்நெட் 8 முதல் அதே அழைப்பு, ஃபைல்ஸுக்குள் டாகுமெண்ட்ஸ் என்ற உட்கோப்புறையைக் கொடுக்கிறது. நிரலில் ஒரு எழுத்துகூட மாறவில்லை; தொகுக்கும்போது ஓர் எச்சரிக்கையும் வரவில்லை. புதிய இடத்தில் கோப்பு இல்லாததால், எஸ்க்யூலைட் தன் வழக்கப்படி வெறுமையான ஒரு தரவுத்தளத்தை உருவாக்கிக் கொடுத்துவிட்டது. பழைய கணக்கு ஒரு படி மேலே, யாரும் தொடாமல், பத்திரமாக இருந்தது.

பழைய இடத்தில் கோப்பு இருந்தால் அதைப் புதிய இடத்துக்குப் படியெடுக்குமாறு நிரல் எழுதி, இன்று காலை மறுபடியும் போய் நிறுவினேன். மூன்று ஆண்டுப் பாக்கியும் வந்தது. மகிழ்ச்சியோடு இருந்தபோது பெரியவர், "போன வாரம் நீடாமங்கலத்துக்காரர் கொடுத்த இரண்டாயிரத்தைக் காணோமே" என்றார். பார்த்தால், கடைசிச் சில நாட்களின் பதிவுகள் மட்டும் இல்லை. மீண்டும் பழைய பதிப்புக்கே திருப்பி, சேமித்த கோப்பிலிருந்து எல்லாவற்றையும் மீட்டுக் கொடுத்துவிட்டு வந்தேன். கடைசிப் பதிவுகள் மட்டும் ஏன் விடுபட்டன என்பது எனக்கு விளங்கவில்லை.

கோரையாறு (திருத்துறைப்பூண்டி), 2025 மே 18

அரசலாறு அவர்களுக்கு வணக்கம். உங்கள் தரவுத்தளம் வால் (WAL) முறையில் ஓடுகிறது. அதாவது, முன்னெழுதும் பதிவேட்டு முறை. எஸ்க்யூலைட் நெட் நூலகத்தின் ஒத்திசையா இணைப்பைப் பயன்படுத்தினால் இயல்பாகவே அந்த முறை வந்துவிடும். அதில் புதிய பதிவுகள் முதலில் முதன்மைக் கோப்புக்குள் போவதில்லை. அதே பெயரோடு 'வால்' என்று முடியும் பக்கத்துக் கோப்பில் எழுதப்படுகின்றன. அந்தக் கோப்பு இயல்பாக 1000 பக்கங்களை எட்டும்போதோ, கடைசி இணைப்பு ஒழுங்காக மூடப்படும்போதோதான் அவை முதன்மைக் கோப்போடு சேர்கின்றன. கைபேசியில் யாரும் செயலியை ஒழுங்காக மூடுவதில்லை. விரலால் தள்ளிவிடுகிறார்கள், அல்லது நினைவகம் போதாமல் ஆண்ட்ராய்டே நிறுத்திவிடுகிறது. ஆகவே பெரியவரின் கடைசி நாட்களின் கணக்கு பக்கத்துக் கோப்பில் இருந்தது. நீங்கள் முதன்மைக் கோப்பை மட்டும் படியெடுத்தீர்கள்.

பக்கத்துக் கோப்புகளையும் சேர்த்துப் படியெடுக்கலாம் என்று தோன்றும். என் ஆலோசனை வேறு. படியெடுக்கவே வேண்டாம். மௌயியின் ஃபைல் சிஸ்டத்தில் உள்ள ஆப் டேட்டா டைரக்டரி, ஆண்ட்ராய்டில் பழைய ஃபைல்ஸ் கோப்புறையையே தருகிறது. கோப்பு இருக்கும் இடத்திலேயே அதைத் திறவுங்கள். பக்கத்துக் கோப்பு கூடவே இருப்பதால், எஸ்க்யூலைட் அதைத் தானே பார்த்துச் சேர்த்துக்கொள்ளும். நகர்த்தாத பொருள் தொலைவதில்லை.

இன்னொரு ஐயமும் இருக்கிறது. உங்கள் சேமிப்புப் பொத்தான் எப்படி எழுதப்பட்டிருக்கிறது? அதுவும் முதன்மைக் கோப்பை மட்டும் எடுக்கிறது என்றால், 300 கைபேசிகளிலும் சேமிக்கப்பட்டவை குறைபட்டவையாகவே இருக்கும்.

அரசலாறு (கும்பகோணம்), 2025 மே 19

அண்ணா, உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. சேமிப்புப் பொத்தானைச் சரிபார்த்தேன். நல்லவேளையாக, அது கோப்பைப் படியெடுப்பதில்லை. ஒவ்வொரு அட்டவணையையும் வினவி வாசித்து, வரி வரியாக எழுதுகிறது. அதனால்தான் அதிலிருந்து முழுக் கணக்கும் மீண்டது.

நீங்கள் சொன்னபடி ஆப் டேட்டா டைரக்டரிக்கு மாற்றிவிட்டேன். படியெடுக்க எழுதிய 60 வரிகளும் போய், ஒரே வரி மிஞ்சியது. பெரியவரின் கைபேசியில் இன்று மூன்றாம் முறையாக நிறுவியபோது, நீடாமங்கலத்துக்காரரின் இரண்டாயிரம் தன் இடத்தில் இருந்தது. அவர் தன் நினைவிலிருந்து ஒவ்வொரு பெயராகச் சொல்ல, மகன் திரையில் பார்த்துச் சரி சொல்லிக்கொண்டே வந்தார். நாற்பது பெயர்கள் முடிந்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

குடமுருட்டி (திருவையாறு), 2025 மே 20

இதைப் படித்த பிறகு ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். நீங்கள் ஃபிளட்டருக்கு மாறியிருந்தாலும் இதே கோப்பை இதே இடத்தில் தேடியிருக்க வேண்டும். செக்யூர் ஸ்டோரேஜில் இருந்ததை டார்ட்டிலிருந்து வாசிக்க இன்னும் கடினமான வேலை செய்திருக்க வேண்டும். ஆனால் புதிதாகத் தொடங்கும் செயலிக்கு மௌயியை நான் இப்போதும் பரிந்துரைக்கமாட்டேன். அந்தக் கருத்தில் மாற்றம் இல்லை.

அரசலாறு (கும்பகோணம்), 2025 ஜூலை 6

மேட்டூர் திறந்து கல்லணைக்குத் தண்ணீர் வந்துவிட்டது. எனக்கு நாட்கள் குறைந்துகொண்டே வருகின்றன. இதுவரையான நிலையைச் சொல்கிறேன்.

திரைகளில் 39 முடிந்தன. வெண்ணாறு ஐயா சொன்ன இடைவெளிச் சிக்கலை ஒவ்வொரு திரையாகத் திருத்தாமல், கிரிட்டுக்கும் ஸ்டாக் லேயவுட்டுக்கும் பொதுவான ஒரு பாணியை எழுதி, பழைய 6ஐ மீண்டும் கொடுத்துவிட்டேன். ஒரே நாளில் முப்பது திரைகள் சீராயின. சுற்றிலும் சட்டம் போடும் ஃபிரேம் கட்டுப்பாட்டை மௌயி 9 வழக்கொழிந்ததாக அறிவித்திருப்பதால், எல்லா இடங்களிலும் பார்டருக்கு மாற்றினேன். ரெண்டரர்கள் ஆறில் நான்கு மேப்பர் வரிகளாகச் சுருங்கின; ஒன்று தேவையே இல்லை என்று தெரிந்தது. மணிக்கணக்குத் திரைக்கு மட்டும் ஹேண்ட்லரை முழுமையாக எழுதினேன்.

ஏபிஐ 35ஐக் குறிவைத்தால், ஆண்ட்ராய்டு 15 கைபேசிகளில் செயலி திரையின் விளிம்பு வரை பரவுகிறது. அதனால் 'நிறுத்து' பொத்தானின் கீழ்ப்பாதி, கைபேசியின் வழிசெலுத்தும் பட்டைக்கு அடியில் போய்விட்டது. சேற்றுக் கையோடு ஒரே அழுத்தில் நிறுத்த வேண்டிய ஓட்டுநருக்கு அது பொருந்தாது. இப்போதைக்குப் பாணிக் கோப்பில் விலக்கு கேட்டிருக்கிறேன். ஏபிஐ 36க்குப் போகும்போது அந்த விலக்கு கிடைக்காது என்பதால், விளிம்பு இடைவெளிகளை முறையாகக் கணக்கிடும் வேலையையும் தொடங்கியிருக்கிறேன்.

எதிர்பாராத சிக்கல் சீட்டு அச்சில் வந்தது. நாங்கள் பயன்படுத்தும் சிறு வெப்ப அச்சுப்பொறிகளுக்குத் தமிழ் எழுத்துகள் தெரியாது. எனவே சீட்டை ஸ்கியா ஷார்ப் என்ற வரைகலை நூலகத்தில் படமாக வரைந்து அனுப்புகிறோம். மௌயிக்கான ஸ்கியா தொகுப்பை நிறுவி அச்சடித்தபோது, 'நெல்' என்ற சொல்லில் கொம்பு நகரத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய், லகரத்தோடு ஒட்டிக்கொண்டு நின்றது. பழைய திட்டத்தில் எழுத்துகளை வரிசைப்படுத்தும் ஹார்ஃபபஸ் தொகுப்பையும் சேர்த்திருந்தேன். கோப்புகளைக் கொண்டுவரும்போது அது விடுபட்டுவிட்டது. ஸ்கியாவின் வெறும் எழுத்து வரைதல், தமிழ் எழுத்துகளைச் சேர்த்து வடிவமைக்காது. வடிவமைத்து வரையும் செயற்கூறு ஹார்ஃபபஸ் தொகுப்பில் தனியாக இருக்கிறது. அதைச் சேர்த்தவுடன் சீட்டு சரியாக வந்தது. திரையில் எல்லாத் தமிழும் சரியாகத் தெரிந்ததால், அச்சில் இப்படி ஆகும் என்று நான் நினைக்கவே இல்லை. தமிழில் படம் வரையும் எவரும் ஒருமுறை 'நெல்', 'மொத்தம்', 'கௌரவம்' ஆகிய மூன்று சொற்களை அச்சடித்துப் பாருங்கள்.

வெண்ணாறு (தஞ்சாவூர்), 2025 ஜூலை 7

மிகச் சிறப்பு. வெளியிடும்போது எல்லோருக்கும் ஒரே நாளில் கொடுத்துவிடாதீர்கள். பிளே கன்சோலில் படிப்படியான வெளியீடு என்ற வசதி இருக்கிறது. முறைப் பாசனம் போல, முதலில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு விடுங்கள், நான்கு நாட்கள் பாருங்கள், பிறகு மதகை ஏற்றுங்கள். இடையில் பிழை தெரிந்தால் நிறுத்திவைக்கலாம். ஆனால் ஏற்கெனவே பெற்றவர்களிடமிருந்து திரும்ப எடுக்க முடியாது என்பதை மறக்க வேண்டாம்.

அரசலாறு (கும்பகோணம்), 2025 ஆகஸ்ட் 24

ஆகஸ்ட் 4 அன்று பத்து விழுக்காட்டுடன் தொடங்கினேன். மூன்றாம் நாள், மயிலாடுதுறைப் பக்கத்திலிருந்து ஒருவர் தொலைபேசியில் அழைத்து, பூட்டு எண் கேட்கவே இல்லை என்றார். பூட்டு எண் இருந்த பழைய செக்யூர் ஸ்டோரேஜை வாசிக்கும் நிரல், முதல்முறை திறக்கும்போது மட்டும் ஓடுமாறு இருந்தது. அவருடைய கைபேசியில் அந்த முதல்முறையின் நடுவிலேயே செயலி நின்றுபோய், 'முடிந்தது' என்ற குறி மட்டும் பதிவாகிவிட்டது. வெளியீட்டை அன்றே நிறுத்தினேன். எல்லாம் வாசித்து முடித்த பிறகே குறியை எழுதுமாறு வரிசையை மாற்றினேன். ஆகஸ்ட் 11 அன்று மீண்டும் தொடங்கி, இன்று நூறு விழுக்காட்டை எட்டிவிட்டது. கணக்கு காணவில்லை என்று இதுவரை ஒருவரும் அழைக்கவில்லை.

கோரையாறு (திருத்துறைப்பூண்டி), 2025 ஆகஸ்ட் 25

வாழ்த்துகள். நவம்பர் 1ஐயும் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். ஆண்ட்ராய்டு 15ஐயோ அதற்கு மேலோ குறிவைக்கும் புதுப்பிப்புகள், அன்று முதல் 16 கிலோபைட் நினைவகப் பக்கங்களுக்கு (கைபேசி தன் நினைவகத்தைப் பிரித்தாளும் அலகுகளுக்கு) ஒத்துப்போக வேண்டும். மௌயி 9 ஒத்துப்போகும். ஆனால் நீங்கள் சேர்த்திருக்கும் எஸ்க்யூலைட், ஸ்கியா ஆகியவற்றின் நேட்டிவ் நூலகங்களையும் (இயந்திர மொழியில் தொகுக்கப்பட்டவற்றை) தனியாகச் சரிபார்க்க வேண்டும்.

அரசலாறு (கும்பகோணம்), 2025 அக்டோபர் 12

அண்ணா சொன்னபடியே, எஸ்க்யூலைட் இணைப்பு நூலகத்தின் பழைய பதிப்பைத்தான் பிளே கன்சோல் குறிப்பிட்டு எச்சரித்தது. நூலகத்தைப் புதுப்பித்து, கடந்த வாரம் வெளியிட்டுவிட்டேன்.

குறுவை அறுவடை நடந்துகொண்டிருக்கிறது. பழைய ஜாமரின் பதிப்பிலேயே இன்னும் 11 கைபேசிகள் இருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை சேமிப்பிடம் நிறைந்துபோய்ப் புதுப்பிக்க முடியாதவை. வலங்கைமானில் இரண்டு, குடவாசலில் மூன்று என்று எங்கெங்கே இருக்கின்றன என்பதைப் பட்டியல் எடுத்துவிட்டேன். சம்பா அறுவடை தொடங்குமுன் ஞாயிற்றுக்கிழமைகளில் நேரில் சென்று, படங்களை வேறிடத்துக்கு மாற்றி, கண்ணெதிரே கணக்கைச் சரிபார்த்துப் புதுப்பித்துக் கொடுக்கப் போகிறேன். திருத்துறைப்பூண்டிப் பக்கத்திலும் ஒன்று இருக்கிறது. அந்த ஞாயிறு கோரையாறு அண்ணனை நேரில் பார்க்க முடியுமா?

கோரையாறு (திருத்துறைப்பூண்டி), 2025 அக்டோபர் 12

அவசியம் வாருங்கள். மதியச் சாப்பாடு எங்கள் வீட்டில்தான். அந்தக் கைபேசியில் புதுப்பிப்பதற்கு முன், சேமிப்புப் பொத்தானை முதலில் அழுத்துவோம்.

பாமணியாறு (மன்னார்குடி), 2025 அக்டோபர் 13

அரசலாறு ஐயா, அப்பா ஒரு செய்தி சொல்லச் சொன்னார். பாக்கிப் பட்டியலில் பெயர்களை ஊர் வாரியாகப் பிரித்துக் காட்ட முடியுமா என்று கேட்கிறார்.

அரசலாறு (கும்பகோணம்), 2025 அக்டோபர் 13

முடியும் என்று சொல்லுங்கள், தம்பி. அடுத்த புதுப்பிப்பில் வந்துவிடும்.